காலுறையும் கணக்கேடும்

கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங் கதை அடிப்படையில் ஒரு வரதட்சணைக் கதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பிள்ளைகள் தொங்கவிட்டுத் தூங்க, சாண்டா என்கிற கிறிஸ்துமஸ் தாத்தா வந்து பரிசு போட்டுவிட்டுப் போவதாகச் சொல்லும் காலுறைதான் ஸ்டாக்கிங். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது வரதட்சணை என்ற அந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஓர் ஏழை அப்பா, மூன்று பெண்கள், கல்யாணத்துக்குப் பணமில்லை. உடனே ஜன்னல், தங்கம், மகிழ்ச்சி. எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகவே முடிவதில்லை. 'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த அப்பா ராத்திரி தூக்கம் வராமல் எதை எண்ணிக்கொண்டு கிடந்திருப்பார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை நடக்கும் இடம் இன்றைய துருக்கியின் தெற்குக் கடற்கரை. பாத்தாராவில் பிறந்து மீராவில் ஆயராக (பிஷப்பாக) இருந்த நிக்கோலஸ் நான்காம் நூற்றாண்டுக்காரர். பிற்காலத்தில் சாண்டா ஆனவர் இவர்தான். மீராவுக்கு இப்போது தெம்ரே என்று பெயர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர், ஆனால் அவர்கள் விட்டுப்போன சொத்து நிறைய இருந்தது. பாத்தாராவில் வாழ்ந்து கெட்ட ஒருவர், வரதட்சணை கொடுக்க வழியில்லாமல், மூன்று பெண்களையும் உடலை விற்றுப் பிழைக்க அனுப்பிவிடும் முடிவுக்கு வந்துவிட்டார். நிக்கோலஸ் ஓர் இரவு அந்த வீட்டு ஜன்னல் வழியாகத் தங்கம் முடிந்த துணிமூட்டை ஒன்றை உள்ளே எறிந்தார். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனது. இன்னோர் இரவு இன்னொரு மூட்டை, இரண்டாமவளுக்கு. மூன்றாவது தடவை அப்பா தூங்காமல் காத்திருந்து, பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்து, காலில் விழுந்தார். தான் உயிரோடு இருக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு நிக்கோலஸ் போய்விட்டார். பழைய வடிவங்களில் காலுறை கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்ததால் புகைபோக்கி வழியாகப் போட்டார், கணப்படுப்புப் பக்கத்தில் காயப்போட்டிருந்த காலுறைக்குள் அது விழுந்தது என்பதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தங்கமோ காலுறையோ இல்லை, அந்த மூன்றாவது இரவில் வாங்கிய வாக்குதான். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான். கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் ஏதாவது ஒரு விசேஷ வீட்டில், ஏதாவது ஒரு மனக்கசப்பில், 'அன்றைக்கு நான் இல்லாவிட்டால்' என்று ஒரு பேச்சு வந்தே தீரும். வாங்கியவர் வீட்டுப் பெண் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அது நிற்காது. நிக்கோலஸ் மறைந்து நின்று கொடுத்தது விளையாட்டுக்காக இல்லை. அந்தக் குடும்பம் யார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டாம் என்பதற்காக. இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களா, அடம் பிடிக்கிறவர்களா என்று கதையில் ஒரு கேள்விகூட இல்லை. அப்பாவோ பெற்ற பிள்ளைகளை விற்கத் துணிந்தவர். இருந்தும் தங்கம் வந்தது. தேவை இருந்தது, அதனால் வந்தது.

பிறகு எங்கிருந்து முளைத்தது இந்த 'நல்ல பிள்ளைக்குத்தான் சாண்டா வருவார்' என்ற பேச்சு? கொஞ்ச காலமாக இது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி முதல் வாரம்

நான் இங்கிலாந்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக வேலை பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் தரைவிரிப்பில் வட்டமாக உட்கார்ந்து, லீவில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 'என்ன நடந்தது' என்றால் 'என்ன கிடைத்தது' என்றுதான் அர்த்தம். சாண்டா எனக்கு சைக்கிள் கொண்டுவந்தார், எனக்கு வீடியோ கேம் பெட்டி, எனக்கு நிஜமான டிரம்ஸ் செட். ஒவ்வொரு பதிலுக்கும் வட்டத்தில் ஒரு 'வாவ்'. ஒரு வருஷம் ஒரு பையன் முறை வந்தது. ஸ்டாக்கிங்கில் ஒரு ஆரஞ்சு இருந்தது, கலர் பென்சில் இருந்தது, சாக்ஸ் இருந்தது என்று வரிசையாகச் சொன்னான். சந்தோஷமாகத்தான் சொன்னான். அப்புறம், யாரும் கேட்காமலே, இந்த வருஷம் நான் இன்னும் நல்ல பிள்ளையாக இருக்கப்போகிறேன் என்று சேர்த்துக்கொண்டான்.

அழவில்லை. குரல் தாழவில்லை. கணக்கு வாத்தியார் சொல்லித்தந்த விதியைச் சரியாகப் போட்டு விடை சொல்கிற பிள்ளையின் குரல் அது. அடுத்த குழந்தை ஆரம்பித்துவிட்டது, வட்டம் நகர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் நகரவில்லை. ஏனென்றால் அவன் போட்ட கணக்கில் ஒரு பிழைகூட இல்லை. நல்ல பிள்ளைகளுக்கு சாண்டா பரிசு தருவார் என்று பெரியவர்கள் நாங்கள்தான் சொன்னோம். எவ்வளவு நல்ல பிள்ளையோ அவ்வளவு நல்ல பரிசு என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் டிசம்பர் முழுக்க 'இப்படிப் பண்ணினால் சாண்டா பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லியே காரியம் சாதித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு வீடியோ கேம், தனக்கு ஆரஞ்சு. ஆறு வயது மூளை இதிலிருந்து வேறு என்ன முடிவுக்கு வரும்? அவன் வீட்டில் பணமுடை என்பது வகுப்பில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டான்.

மதியம் நாற்காலிகளை எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டுப் போகிற பிள்ளை அவன். யாரும் சொல்லாமலே செய்வான். இதற்கு மேலும் நல்ல பிள்ளையாக எப்படி இருப்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்திருப்பான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விளார் வந்த வழி

ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் யான் ஸ்டேன் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. 1665-க்கும் 1668-க்கும் இடையில் வரைந்தது. நெதர்லாந்தில் நிக்கோலஸ் திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்தைய இரவு பிள்ளைகள் கணப்படுப்புப் பக்கத்தில் காலணியை வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். அவருடைய குதிரைக்கு அதில் கேரட்டும் வைக்கோலும் போட்டுவைப்பது வழக்கம். இங்கே இங்கிலாந்தில் சாண்டாவின் வண்டியை இழுக்கும் கலைமானுக்கு என்று வாசலில் கேரட் வைக்கிறோமே, அதுவும் அந்தக் குதிரைக்கு உறவுதான் என்று எனக்குத் தோன்றும். ஓவியம் காட்டுவது மறுநாள் காலை. நடுவில் ஒரு சின்னப் பெண் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள், கையில் தொங்கும் வாளி நிறையப் பரிசுகள். அம்மா அவளைப் பார்த்துக் கையை நீட்டுகிறாள், அவள் யாருக்கும் தரமாட்டேன் என்று திரும்பிக்கொள்கிறாள். இடது பக்கம் ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுகிறான். பின்னால் நிற்பவள் அவனுடைய காலணியைத் தூக்கிக் காட்டுகிறாள். அதற்குள் இருப்பது, கெட்ட பிள்ளையை அடிக்க என்று ஒரு விளார்க் கட்டு. சின்னத் தம்பி அதைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறான். வீடே சிரிக்கிறது.

முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கண் அந்தப் பையனை விட்டு நகரவில்லை. இதேதான் எங்கள் வகுப்பில் நடந்தது என்று நினைத்தேன். சிரிப்புச் சத்தம் மட்டும்தான் இல்லை. அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தபோதுதான் பின்னால், இருட்டில், படுக்கைத் திரைக்குப் பக்கத்தில் பாட்டி தெரிந்தாள். ஒரு கையால் திரையை விலக்கிக்கொண்டு, இன்னொரு கையின் விரலை ஆட்டி அந்தப் பையனைக் கூப்பிடுகிறாள். அவனுக்கு என்று ஏதோ ஒன்றைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள் என்றுதான் அந்த விரல் சொல்கிறது. நெதர்லாந்தின் புராட்டஸ்டண்ட் அதிகாரம் இந்தத் திருநாளை விரும்பவில்லை. ஸ்டேன் கத்தோலிக்கர், வீட்டுக்குள் கொண்டாட்டம் எப்படி நடந்தது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். அவர் நினைத்திருந்தால் பாட்டியை வரையாமல் விட்டிருக்கலாம், படம் முழு நையாண்டியாக நின்றிருக்கும். வரைந்தார். அந்த அறையில் நிக்கோலஸுக்கு நெருக்கமான ஆள் அவள் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது. மற்றவர்கள் எல்லோரும் அவர் பெயரால் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவள் மட்டும் மறைவாகக் கொடுக்கிறாள்.

நிக்கோலஸ் கதையில் இல்லாத அந்த விளார், ஐரோப்பாவில் அவரோடு கூடவே நடக்க ஆரம்பித்துவிட்டது. ஜெர்மன் ஊர்களில் ரூப்ரெக்ட், ஆல்ப்ஸ் மலைப்பக்கம் கொம்பு வைத்த கிராம்பஸ் என்று அடிக்கிற வேலைக்குத் தனி ஆளையே வைத்தார்கள். ஆயர் கொடுப்பார், கூட வருபவன் அடிப்பான். அட்லாண்டிக் தாண்டிப் போனபோதும் விளார் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. 1810 டிசம்பர் 6 அன்று நியூயார்க் வரலாற்றுக் கழகத்தின் நிக்கோலஸ் நாள் விருந்துக்காக ஜான் பின்டார்ட் ஒரு அச்சுத்தாள் வெளியிட்டார். மரச்செதுக்குப் படம் அலெக்சாண்டர் ஆண்டர்சனுடையது. அதில் காலணி போய்க் காலுறை வந்துவிட்டது. கணப்படுப்பில் இரண்டு காலுறைகள் தொங்குகின்றன. ஒன்றில் பரிசுகள், பக்கத்தில் சிரிக்கிற சிறுமி. இன்னொன்றில் விளார், பக்கத்தில் அழுகிற பையன். ஸ்டேனின் படத்துக்கு ஏறத்தாழ 150 வருஷம் கழித்து, கடல் கடந்து, அதே பையன் அதே மாதிரி அழுகிறான். பாட்டியை மட்டும் காணவில்லை.

ஆனால் 1823 டிசம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் வந்த ஒரு கவிதைதான் காலுறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் விளார் கிடையாது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்ற விசாரணையும் கிடையாது. புகைபோக்கி வழியாக வந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லாக் காலுறைகளையும் நிரப்பிவிட்டுப் போய்விடுகிறார். எல்லாவற்றையும். இந்த வழக்கத்தின் மையமான கவிதையிலேயே கணக்குப் பார்க்காத சாண்டாதான் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பட்டியல் வைத்திருக்கிறார், தூங்கும்போதும் பார்க்கிறார் என்பதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது 1934-ல் அமெரிக்க வானொலியில் அறிமுகமான ஒரு பாட்டு. டிசம்பரில் எந்தக் கடைக்குள் போனாலும் அதுதான் ஒலிக்கிறது. 2005-ல் புத்தகத்தோடு சேர்த்து விற்க ஆரம்பித்த எல்ஃப் பொம்மை, அதாவது சாண்டாவின் குட்டி உதவியாள் பொம்மை, இன்னும் ஒரு படி மேலே. அலமாரியில் உட்கார்ந்து பகல் முழுக்கப் பிள்ளைகளைக் கவனித்து, ராத்திரி சாண்டாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருமாம். பிள்ளைகளுக்கு இது வேடிக்கை என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள். அந்தப் பொம்மை இருக்கும் அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தாலிக்காரர்கள் இதை எனக்குப் பிடித்த மாதிரி கையாள்கிறார்கள். அங்கே காலுறையை நிரப்புகிறவள் பெஃபானா என்ற கிழவி, துடைப்பத்தில் ஏறி ஜனவரி 5 இரவில் வருவாள். கெட்ட பிள்ளைக்குக் கரி என்ற பயமுறுத்தல் அங்கும் உண்டு. ஆனால் அந்தக் கரியைச் சர்க்கரையிலேயே செய்து கறுப்பு நிறம் ஏற்றி மிட்டாயாக விற்கிறார்கள். மற்ற இனிப்புகளோடு அதையும் காலுறைக்குள் போடுகிறார்கள். தண்டனையையும் கடித்துச் சாப்பிட்டுவிடலாம்.

கிறிஸ்துமஸ் துணி

நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் காலுறை தொங்கியதில்லை. கணப்படுப்பும் இல்லை, கம்பளிச் சாக்ஸும் இல்லை. மாடியில் நட்சத்திரம், திண்ணையில் குடில், டின் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும், விடியற்காலை ஆராதனைக்குப் போட்டுக்கொள்ளப் புதுத் துணி. கிறிஸ்துமஸ் தாத்தா கேரல் ரவுண்ட்ஸோடுதான் வருவார். முகமூடி மாட்டிக்கொண்டு, டிரம் அடிக்கு ஆடிக்கொண்டே, தெருவில் நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாயை அள்ளி வீசுவார். கேரல் கேட்க வந்த பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளுக்கும் அதே மிட்டாய்தான். யார் நல்ல பிள்ளை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

புதுத் துணி யார் வாங்கியது என்பது எங்களுக்குத் தெரியும். அப்பா எந்தக் கடையில் கடன் சொன்னார் என்பதுகூடத் தெரியும். ஒரு வருஷம் நெருக்கடி, அண்ணனுக்கு மட்டும்தான் புதுசு, எனக்குப் பழைய பாவாடைக்குப் புது ஜாக்கெட் என்று அம்மா சொன்னாள். அழுதேன், கோபப்பட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். ஆனால் நான் கெட்ட பிள்ளை என்பதால் துணி இல்லை என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பணம் இல்லை, அதனால் இல்லை. என்ன அடம் பிடித்தாலும், பொய் சொன்னாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும் கிறிஸ்துமஸ் துணி கிடையாது என்று எங்கள் வீட்டில் யாரும் மிரட்டியதில்லை. தீபாவளிக்கும் அப்படித்தானே? பண்டிகைத் துணி நடத்தைக்குக் கூலி இல்லை. வீட்டுப் பிள்ளை என்பதால் கிடைப்பது. வறுமையை அதன் பெயரிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது என்று இப்போது புரிகிறது. அந்தப் பாதுகாப்பு எங்கள் வகுப்புப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் வீட்டுப் பணமுடைக்கு சாண்டாவின் பெயரை வைத்து மூடினார்கள், அது அவன் மேல் விழுந்துவிட்டது. அவன் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. எல்லோர் வீட்டுக்கும் வருகிறவர் தன் வீட்டுக்கு மட்டும் வரவில்லை என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

ஆரஞ்சு போகிற அளவு

காலுறையை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அது சின்னது என்பதுதான் முதல் காரணம். ஒரு பிள்ளையின் கால் போகிற இடத்தில் என்ன கொள்ளுமோ அவ்வளவுதான். இங்கே பழைய ஆட்கள் சொல்லும் ஸ்டாக்கிங் கடையில் வாங்கியது இல்லை, அன்றாடம் போட்டுக்கொள்ளும் நீளமான கம்பளிக் காலுறை, இல்லாவிட்டால் அப்பாவின் கால்பந்துச் சாக்ஸ். கட்டில் கால்மாட்டில் தொங்கும். நுனியில் ஒரு ஆரஞ்சு, அதற்கு மேல் வால்நட், ஒரு காசு, ஒரு சின்னப் பொம்மை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஆரஞ்சே அபூர்வம். கப்பலில் வந்த கொஞ்சமும் பச்சை ரேஷன் புத்தகம் வைத்திருந்த கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று முன்னுரிமைப்படி போனது. அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் டிசம்பரில் ஆரஞ்சு உரிக்கும்போது இன்றைக்கும் தோலை உடனே தூக்கிப் போடமாட்டார். மூக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவார். காலுறைக்குள் டேப்லெட்டும் கைக்கடிகாரமும் நுழைந்ததற்குப் பிறகுதான் ஆரஞ்சு கேவலமான பரிசாகிவிட்டது. எல்லோர் காலுறையிலும் ஆரஞ்சு இருந்தவரை எந்தப் பிள்ளையும் தன்னைப் பற்றி அதிலிருந்து எதையும் படிக்க முடிந்திருக்காது.

லண்டன், டொரண்டோ, சிட்னி என்று இருக்கிற நம்மவர்கள் வீட்டிலும் இப்போது ஸ்டாக்கிங் தொங்குகிறது. கிறிஸ்தவர்கள் வீட்டில் மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை கேட்டுவிட்டு வந்ததால் எல்லோர் வீட்டிலும்தான். அவர்களிடம் என் ஒரே வேண்டுகோள் இதுதான்: பெரிய பரிசை உங்கள் பெயரில் கொடுங்கள். ஓவர்டைம் பார்த்து வாங்கிய சைக்கிளுக்கு சாண்டா பெயரை ஏன் எழுத வேண்டும்? சாண்டா பெயரில் போவது கைக்குள் அடங்குகிறதாக இருக்கட்டும், எந்த வீட்டுக்கும் கட்டுப்படியாகிறதாக இருக்கட்டும். அப்புறம், பிள்ளையை மிரட்ட அவரைக் கூப்பிடாதீர்கள். கீரை சாப்பிட வைக்க வேறு வழி பாருங்கள். எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் பேசினேன். இப்போது ஜனவரி வட்டத்தில் 'லீவில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள்' என்றுதான் கேட்கிறோம். உருளைக்கிழங்கு கருகிய கதைக்கும் 'வாவ்' கிடைக்கத்தான் செய்கிறது.

என் கணவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பெரிய பரிசை நாமே கொடுத்தால் பிள்ளைக்கு அந்த அதிசயம் போய்விடாதா என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு ராத்திரியில் வீட்டுக்குள் யாரோ வந்து போன அந்தக் கிளர்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன், எனக்குச் சின்ன வயதில் கிடைக்காதது அது. ஆனால் அதிசயத்துக்கு ஒரு ஆரஞ்சும், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசும், காலையில் பாதி கடித்திருக்கிற கேரட்டும் போதும் என்பதைப் போன கிறிஸ்துமஸில் அவரே பார்த்தார். மகள் முதலில் ஓடியது காலுறைக்குத்தான். சைக்கிள் மரத்தடியில் நின்றது, கைப்பிடியில் அப்பா பெயர் எழுதிய சீட்டு. அதற்குள் வாசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பின் பிரேக் பிடிக்கவில்லை, கடைக்காரரிடம் ஏன் சரியாகப் பார்த்து வாங்கவில்லை என்று அப்பாவிடம் சண்டைக்கு நின்றாள். அவர் இரவு உடையிலேயே ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.